செங்கல்பட்டில் ரெண்டு நிமிஷம்

கோடை வந்தால் போதும், பத்திரிகைகளெல்லாம் (இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) 'குளுகுளு கொடைக்கானல்', 'ஜிலுஜிலு ஊட்டி' என்று பக்கம் பக்கமாகப் படம் போட ஆரம்பித்துவிடும். எங்கே தங்கலாம், எந்தப் பாறை ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம், மலைப்பூண்டும் யூகலிப்டஸ் தைலமும் எங்கே வாங்கலாம்... எல்லாம் இருக்கும். எப்படிப் போவது என்று ஓரமாக ஒரு பெட்டிச் செய்திகூட இருக்கும். எப்படித் திரும்பி வருவது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. போனவன் அங்கேயே பைன் மரமாக நின்றுவிடுவான் என்று நினைப்போ என்னவோ!

அதனால் இந்த வாரம், திரும்பி வருகிற கதை. மயிலாப்பூர், மாம்பலத்துக்காரர்களை விட்டுவிடுவோம். எழும்பூரில் இறங்கினால் அவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது, மாநகரப் பேருந்து இருக்கிறது, பேரம் பேச ஆட்டோ இருக்கிறது. செங்கல்பட்டுக்காரர், திருக்கழுக்குன்றத்துக்காரர், கல்பாக்கத்துக்காரர், மாமல்லபுரத்துக்காரர் — இவர்கள் மலையிலிருந்து எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று பார்ப்போம்.

ரயில்வேயின் அகராதியில் 'சென்னை' என்றால் சென்ட்ரல், எழும்பூர். கொஞ்சம் மனசு இறங்கினால் தாம்பரம். அதற்குத் தெற்கே இருப்பதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்து ரசிக்க வேண்டிய கொளவாய் ஏரி! விழுப்புரம் வழியாக எழும்பூருக்கு வருகிற ஒவ்வொரு ரயிலும் செங்கல்பட்டைத் தொட்டுத்தான் ஆக வேண்டும், வேறு பாதையே கிடையாது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. அணுமின் நிலையம் இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் 1984-லேயே ஏறிய கற்கோயில்கள் இருக்கின்றன, மகிந்திரா சிட்டி இருக்கிறது. ஆனாலும் கால அட்டவணை போடுகிறவர்கள் கண்ணுக்கு அது தாம்பரத்துக்கு முந்தின ஒரு ஜங்ஷன். பல எக்ஸ்பிரஸ்களுக்கு அங்கே ரெண்டு நிமிஷம். சிலவற்றுக்கு அதுவும் கிடையாது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்தில் உளி பிடிக்கிற ஒருவர். மனைவி, ரெண்டு பிள்ளைகள், அறுபதைத் தாண்டிய அம்மா. வருஷத்துக்கு ஒரு தரம் மூணு நாள் கொடைக்கானல். கார் இல்லை. வாங்குகிற உத்தேசமும் இல்லை. நியாயமாகப் பார்த்தால், அரசாங்கமும் நீதிமன்றமும் சூழலியல்காரர்களும் தேடித் தேடிக் கும்பிட வேண்டிய குடும்பம் இது.

திரும்புவதற்கு இவர்களுக்கு என்ன இருக்கிறது? ஊர் கொடைக்கானல், ரயில் ஏறுவது கொடைரோடு. பெயரில் கொடை இருக்கிறதே தவிர, மலையிலிருந்து 80 கிலோமீட்டர் கீழே, அம்மையநாயக்கனூரில் இருக்கிற ஸ்டேஷன். பெருமாள்மலை, ஊத்து, வத்தலக்குண்டு என்று வளைந்து வளைந்து இறங்கி வர மூணு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

பகலில் வைகை இருக்கிறது. 1977 ஆகஸ்ட் 15 முதல் ஓடுகிற ரயில். கொடைரோட்டிலும் நிற்கும், செங்கல்பட்டிலும் நிற்கும். ஆனால் அது மதுரையை விட்டுக் கிளம்புவதே அதிகாலையில். கொடைரோட்டில் ஏழு மணி வாக்கில் அதைப் பிடிக்க வேண்டுமானால், மலையில் விடியற்காலை நாலு மணிக்கு, பனிமூட்டத்தில், தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு மலைப்பாதையில் இறங்குகிற டிரைவர் முழு விழிப்பில் இருக்க வேண்டும் என்று கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவரை வேண்டிக்கொள்ளவும் வேண்டும்.

மத்தியானத்துக்குத் தேஜஸ். 2019 மார்ச் 1-ம் தேதி தொடங்கினார்கள். மதுரையிலிருந்து பிற்பகலில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டு வேளைக்குச் சென்னை. காலையில் ஏரியைச் சுற்றிவிட்டு, நிதானமாகக் கீழே இறங்கி ஏறுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. இவர்களுக்கென்றே யாரோ போட்ட மாதிரி! தொடங்கியபோது வழியில் ரெண்டே நிறுத்தம்: கொடைரோடு, திருச்சி. அப்புறம் 2023-ல் தாம்பரத்தைச் சேர்த்தார்கள். செங்கல்பட்டு? முதல் பட்டியலிலும் இல்லை, 2023-ல் சேர்த்தபோதும் இல்லை. 2023 செப்டம்பரில் திருநெல்வேலி வந்தே பாரத் வந்தது. விருதுநகர், மதுரை, திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம், தாம்பரம் என்று நிறுத்தப் பட்டியல் வெளியானது. அந்தப் பட்டியலிலும் நம்ம ஊர் இல்லை.

ஆக, வசதியான நேரத்தில் வருகிற ரயில் நிற்காது; நிற்கிற ரயில் வசதியான நேரத்தில் வராது. மிச்சம் ராத்திரி ரயில். பாண்டியன் எக்ஸ்பிரஸ். இதுபோல இன்னும் ஒன்றிரண்டு. நம்ம குடும்பம் அதில்தான் வர வேண்டும்.

முதலில் டிக்கெட் கிடைக்க வேண்டுமே!

2024 நவம்பர் 1-ம் தேதியிலிருந்து முன்பதிவுக்கு அறுபது நாள்தான். அதற்கு முன்னால் 120 நாள் இருந்தது. ஏஜென்ட்டுகள் மொத்தமாகப் பிடித்து வைப்பதும், பலர் டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு கேன்சல் செய்வதும் குறையும் என்றார்கள். குறைந்தால் சந்தோஷம். ஆனால் விடுமுறை நாளுக்கு, திறந்த அன்று காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் தயாராக இல்லாதவனுக்கு ஒன்பது மணிக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான். உளி பிடிக்கிறவர் எட்டு மணிக்குக் கல்லைப் பார்ப்பாரா, மவுஸைப் பிடிப்பாரா?

அடுத்தது கோட்டா. ஒரு ரயிலில் இருக்கிற படுக்கையெல்லாம் எல்லோருக்கும் பொது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையாது. பெரும்பங்கு, முதல் ஊரிலிருந்து கடைசி ஊர் வரைக்கும் முழுசாகப் போகிறவர்களுக்கு. நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சின்னச் சட்டி. 'பூல்டு கோட்டா' என்று பெயர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில் பயணம் செய்தால் எந்தச் சட்டி என்பது ரயிலுக்கு ரயில் மாறும். நாம் கடையில் வாங்குகிற கால அட்டவணைப் புத்தகத்தில் இது இருக்காது. டிக்கெட் போடும்போது, வெயிட்டிங் லிஸ்ட் எண்ணுக்கு முன்னால் நாலெழுத்து வருமே, அதைப் பார்த்துத்தான் நம் தலையெழுத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு மக்கள் கண்டுபிடித்த வைத்தியம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மதுரையிலிருந்து எழும்பூருக்கு முழு டிக்கெட் எடு. ஏறும் இடத்தை மட்டும் கொடைரோடு என்று மாற்றிக்கொள். செங்கல்பட்டில் சத்தமில்லாமல் இறங்கிவிடு. சட்டப்படி சரிதான். மதுரை - கொடைரோடு சுமார் 40 கிலோமீட்டர், செங்கல்பட்டு - எழும்பூர் 56 கிலோமீட்டர். போகாத நூறு கிலோமீட்டருக்குச் சேர்த்து அஞ்சு பேருக்குக் காசு. அம்மாவுக்கு முன்பு பாதிக் கட்டணச் சலுகை இருந்தது. 58 வயது ஆன பெண்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போயும், அதே கையோடு அந்தச் சலுகை திரும்பி வரவில்லை.

தத்கால் இல்லையா என்பீர்கள். ஏ.சி.க்குக் காலை பத்து மணி, மற்றதுக்குப் பதினோரு மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டும். நல்ல கட்டுப்பாடுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தத்கால் திறப்பது முதல் நாள் காலை. முதல் நாள் காலையில் இந்தக் குடும்பம் எங்கே இருக்கும்? தூண் பாறையில்! அங்கே சிக்னல் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் அஞ்சு பேர் ராத்திரித் தூக்கம் அடங்கியிருக்கிறது.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சார்ட் போடுவதை முன்பெல்லாம் ரயில் கிளம்ப நாலு மணி நேரம் முன்னால்தான் செய்வார்கள். அதாவது, வெயிட்டிங் லிஸ்ட் உறுதியானதா இல்லையா என்பது வத்தலக்குண்டு வளைவில் தெரியவரும். ஆகவில்லை என்றால் மேலே ஏறவும் முடியாது, கீழே போயும் பிரயோஜனமில்லை. 2025 ஜூலையில் இதை எட்டு மணி நேரமாக்கினார்கள். மலைவாசஸ்தலத்தில் ரூமைக் காலி செய்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இதை யோசித்துச் செய்த அதிகாரி யாரோ, ஒரு தடவையாவது மலைக்குப் பிள்ளைகுட்டியோடு போய் வந்தவராக இருக்க வேண்டும்.

சரி, டிக்கெட் கிடைத்துவிட்டது. ஏறியாயிற்று. இனிமேல்தான் விஷயமே.

பாண்டியன் செங்கல்பட்டுக்கு வரும்போது பொழுது விடிந்திருக்காது. உத்தேசமாக நாலு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு நல்ல தூக்கத்தில் இருக்கிற நேரம். 139-க்குச் சொல்லி வைத்தால் போன் அடித்து எழுப்பும் வசதி இருக்கிறது. மேல்மருவத்தூர் தாண்டும்போதே எழுந்து உட்கார்ந்துவிடலாம். ஆனால் அஞ்சு படுக்கையும் ஒரே பெட்டியில் கிடைத்திருக்காதே! அம்மா எஸ்-4, மற்றவர்கள் எஸ்-7. இருட்டில், அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்காமல், செருப்பைத் தேடி, பையைத் தேடி, சின்னவனைத் தூக்கி, பெரியவளை உலுக்கி, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கண்டுபிடித்து...

"ஏங்க, அத்தை எறங்கிட்டாங்களா?"

"எறங்கியிருப்பாங்கம்மா, நீ மொதல்ல எறங்கு."

"பாக்காம எப்படிங்க எறங்கறது? வண்டி நகருது பாருங்க..."

ரெண்டு நிமிஷம் என்பது டீக்கடையில் பெரிய நேரம். நாலு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அறுபது வயதுக் கால்களோடு இறங்குகிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. ஓடுகிற ரயிலில் இருந்து இறங்காதீர்கள் என்று ஸ்டேஷன் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். இறங்காமல் என்ன செய்வது என்று அதன் கீழே எழுதவில்லை. தாம்பரம் வரைக்கும் போய், இருட்டில் மூட்டை முடிச்சோடு படியேறி வேறு பிளாட்பாரத்துக்குப் போய், மின்சார ரயிலில் 31 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். அதற்குப் பயந்துதான் ஜனங்கள் நகர்கிற வண்டியிலிருந்து குதிக்கிறார்கள். குதித்தவன் பிழைத்தால் அதிர்ஷ்டம். பிழைக்காவிட்டால் மறுநாள் பேப்பரில் 'கவனக்குறைவு'.

எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாமல்லபுரம் இன்னும் 30 கிலோமீட்டர். பஸ் எத்தனை மணிக்கு என்று ரயில் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்களே." கூப்பிடு தூரத்தில் பழைய பஸ் நிலையம். அங்கே போய், பாண்டியன் இன்னைக்கு லேட்டா என்று கேளுங்கள். கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ரயில் வருகிற நேரத்தைப் பார்த்து பஸ் விட வேண்டும் என்ற யோசனையே இந்த ரெண்டு கட்டடங்களுக்கு நடுவில் பிறக்கவில்லை. மத்திய அரசின் தண்டவாளம் பிளாட்பாரத்தில் முடிகிறது, மாநில அரசின் சக்கரம் அதற்கு விருப்பப்பட்ட நேரத்தில் உருள ஆரம்பிக்கிறது. நடுவில் இருக்கிற ஒன்று, ஒன்றரை மணி நேரம் யாருக்குச் சொந்தம்? ஆட்டோக்காரருக்கு. அவர் சொன்னதுதான் ரேட். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவரும் அந்த நேரத்தில் தூக்கத்தை விட்டுவிட்டுத்தான் நிற்கிறார். குடும்பமாக வந்தவர்கள் பேரம் பேசிக்கொள்ளலாம். கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் தனியாக வந்து இறங்கினால்? திருக்கழுக்குன்றம் சாலையில், இருட்டில், முன்பின் தெரியாத ஆட்டோவில் ஏறுவாரா? மாட்டார். வெளிச்சம் வரும்வரை பிளாட்பாரத்தில் கொசுவோடு உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் எழும்பூருக்கே போய் இறங்கிவிடலாமே என்கிறார்கள் சில புத்திசாலிகள். போகலாம். செங்கல்பட்டைத் தாண்டி 56 கிலோமீட்டர் வடக்கே போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய அதே தூரம் தெற்கே வர வேண்டும். 30 கிலோமீட்டரில் இருக்கிற வீட்டுக்கு நூற்றுப்பத்து சொச்சம் கிலோமீட்டர். மூக்கைத் தொடுவதற்குத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுவருகிற வித்தை!

அதிகாரிகளின் பதில் எனக்குத் தெரியும். "நிறுத்தம் கேட்டால் எல்லா ஊரும் கேட்கும், அப்புறம் எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆகிவிடும்." பொதுவாகப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. ஒரு நிறுத்தம் என்றால் வேகம் குறைந்து, நின்று, மறுபடி வேகம் பிடிக்க ஏறக்குறைய அஞ்சு நிமிஷம் போகும். எம்.எல்.ஏ. கேட்டார், எம்.பி. கேட்டார் என்று ஊர் ஊராக நிறுத்திக்கொண்டே போவதை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இதே ரயில்கள் தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு, வெறும் 25 கிலோமீட்டருக்கு, எத்தனை நிமிஷம் எடுத்துக்கொள்கின்றன என்று அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். பல ரயில்களுக்கு அரை மணிக்கும் மேல். வழியில் ஏற்படுகிற தாமதத்தையெல்லாம் கடைசியில் சரிக்கட்டி, 'சரியான நேரத்துக்கு வந்தது' என்று கணக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிற கூடுதல் நேரம் அது. அந்த உண்டியலிலிருந்து ஒரு அஞ்சு நிமிஷத்தைச் செங்கல்பட்டுக்குக் கொடுத்தால் எழும்பூருக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகாது.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2024 மே 7-ம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. மலை தாங்காது, அவ்வளவு கார் என்றது நீதிமன்றம். அடுத்த வருஷம், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் எண்ணிக்கையே நிர்ணயித்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் ஆறாயிரம் வண்டி, வார இறுதியில் எட்டாயிரம், கொடைக்கானலுக்கு நாலாயிரம், ஆறாயிரம். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் வேண்டாம். அதாவது, காரைக் கீழே விட்டுவிட்டு வாருங்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் வாருங்கள் என்கிறார்கள். முழு மனதோடு வரவேற்கிறேன். இன்னும் குறைத்தால்கூட வரவேற்பேன்.

ஆனால் ரயிலில் வா என்று ஒரு கை கூப்பிடுகிறது, இன்னொரு கை நாலு மணி இருட்டில் பிளாட்பாரத்தில் தள்ளிவிட்டுப் போகிறது. ரெண்டு வருஷம் இப்படிப் பட்ட குடும்பம் மூணாவது வருஷம் என்ன செய்யும்? கடன் வாங்கியாவது ஒரு பழைய கார் வாங்கும். அல்லது டிராவல்ஸ் வேன். டிரைவர் மூணு நாள் மலையில் ஓட்டி, சாயந்திரம் கீழே இறக்கி, ராத்திரி முழுக்கத் திருச்சி, விழுப்புரம், திண்டிவனம் என்று ஓட்டிக்கொண்டு வருவார். அச்சிறுபாக்கம், மதுராந்தகம், படாளம்... வீடு வந்துவிட்டது என்று மனசு தளர்கிற இடம். விடியற்காலை மூணிலிருந்து அஞ்சு. நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் சுற்றுலா வேன் மோதியது என்கிற செய்தியை நீங்கள் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்? பிழைத்து வருகிறவர்கள் ஆத்தூரிலும் பரனூரிலும் சுங்கச்சாவடி வரிசையில் நின்று பணமும் கட்டிவிட்டு வர வேண்டும். வாரக் கடைசி விடுமுறை முடிகிற ஞாயிறு ராத்திரி செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொரு காருக்குள்ளும், ரயில் சரியாக இருந்தால் ரயிலிலேயே வந்திருக்கக்கூடிய நாலு பேர் இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் கோடைக்கு மெட்ராஸ் அரசாங்கத்தையே மூட்டை கட்டி ஊட்டிக்குக் கொண்டுபோனான். தன் சுகத்துக்குத்தான் செய்தான், சந்தேகமில்லை. ஆனால் பயணத்தை வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் யோசித்தான். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை பல்சக்கர ரயிலை ஏற்றினான். அந்த ஏற்பாட்டின் மிச்சம் இப்போதும் இருக்கிறது: காலையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்துக்கு வந்து சேர்ந்த பிறகு மலை ரயில் கிளம்பும், மத்தியானம் ஊட்டியில் கிளம்புகிற மலை ரயில் கீழே வந்து சேர்ந்த பிறகு, ராத்திரி எக்ஸ்பிரஸ் சென்னைக்குக் கிளம்பும். ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறது. 46 கிலோமீட்டர் பல்சக்கரப் பாதைக்கு முடிகிற காரியம், செங்கல்பட்டில் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஏன் முடியவில்லை?

ஊட்டிக்குப் போன மாமல்லபுரத்துக்காரர் கதையும் இதுதான். நீலகிரி எக்ஸ்பிரஸ் அரக்கோணத்தைத் தாண்டித்தான் சென்ட்ரலுக்குப் போகிறது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம், வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்கு நேராக ஒரு ரயில் பாதை இருக்கிறது. ஒற்றைப் பாதை, சொற்ப ரயில்கள். நீலகிரி வருகிற நேரத்துக்கு இணைப்பாக அதில் ஒரு ரயிலை விட்டால், சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு மூட்டையோடு ரோட்டைக் கடந்து, மறுபடி செங்கல்பட்டுக்கு அறுபது கிலோமீட்டர் மின்சார ரயிலில் வருகிற கூத்து இருக்காது.

கடற்கரைக்கே ரயில் விடுகிறோம் என்றும் ஒரு வாக்குறுதி இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர், சுமார் 180 கிலோமீட்டர். 2008-09-லேயே ரயில்வே பட்ஜெட்டில் ஏறிய திட்டம். அதற்கப்புறம் சில ஆண்டுகளில் அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய். கோடி, லட்சம் எதுவும் பின்னால் இல்லை, வெறும் ஆயிரம் ரூபாய்! திட்டம் சாகவில்லை என்று காட்டுவதற்கான அடையாள ஒதுக்கீடாம். கோவளத்தில் நாலு பேர் உட்கார்ந்து மீன் சாப்பாடு சாப்பிட்டால் அது தாங்காது. அந்தத் திட்டத்தில் ஒரு தண்டவாளமும் இதுவரை கடல் மணலைப் பார்த்ததில்லை.

பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் எல்லாம் நடக்கும். 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தார், சாலை கண்ணாடி மாதிரி ஆனது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, உலகமே பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. 2021-22-ல் தாஜ்மகாலைவிட மாமல்லபுரத்துக்குத்தான் அதிக வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள் என்று மத்திய சுற்றுலாத் துறையே கணக்குக் கொடுத்தது: 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு 38,922. கொரோனா காலத்துக் கணக்கு என்பதால் அதை வைத்து ரொம்பத் துள்ள வேண்டாம். ஆனாலும் இப்படிப்பட்ட ஊருக்கு ரயிலில் வருவது எப்படி என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. பாவம், அவர் சுவிட்சர்லாந்துக்காரராக இருந்துவிட்டால் இன்னும் சங்கடம். அங்கே 1982-லிருந்து நாடு முழுக்க ரயில் நேரத்தை மணிக்கணக்காகச் சீராக்கி, அதற்கு ஏற்ப மஞ்சள் தபால் பஸ்ஸை மலைக் கிராமத்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பணம் இருக்கிற நாடு, செய்வான் என்று சொல்லாதீர்கள். பஸ்ஸின் நேரத்தை மாற்றுவதற்கு எத்தனை கோடி வேண்டும்? ஒரு பேனாவும் ரெண்டு அதிகாரிகள் ஒரே மேஜையில் உட்காருவதும்தான் வேண்டும். நாம்தான் எதையும் தனித்தனியாகக் கட்டுவோம். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கத்தில் பிரமாண்டமான பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். எதிரே தண்டவாளம் ஓடுகிறது, மின்சார ரயில் ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஒரு ஸ்டேஷன் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பக்கம் போகிற ரயிலுக்கு டாட்டா காட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்கள்.

விடுமுறைக் காலத்துக்காவது, மார்ச் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரைக்கும், தேஜஸைச் செங்கல்பட்டில் நிறுத்திப் பார்க்கட்டும். எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணட்டும். ஆளே இல்லை என்றால் நிறுத்தத்தை எடுத்துவிடட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். ராத்திரி ரயில்களுக்கு அங்கே அஞ்சு நிமிஷம் கொடுக்கட்டும். எந்தக் கோட்டாவில் எந்த ஊர் என்பதை அச்சடித்து ஸ்டேஷன் சுவரில் ஒட்டட்டும். செங்கல்பட்டில் பாண்டியன் வந்து நின்ற இருபதாவது நிமிஷத்தில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கும், கல்பாக்கத்துக்கும் தலா ஒரு அரசுப் பேருந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்டக்டரோடு நிற்கட்டும். ரயில் தாமதமானால் பஸ்ஸும் தாமதமாகட்டும். கோடைச் சிறப்பு ரயில்களை எல்லோரும் ஆம்னி பஸ்ஸுக்குக் காசைக் கொட்டி முடித்த பிறகு அறிவிக்காமல், முன்பதிவு திறக்கிற அறுபதாவது நாளிலேயே அறிவிக்கட்டும்.

இதெல்லாம் நடக்கும் வரைக்கும் இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நடைமுறை யோசனை சிலது. திரும்பி வருகிற டிக்கெட்டை முதலில் போடுங்கள், கிடைத்தால் மட்டும் போகிற டிக்கெட்டைப் போடுங்கள், அதற்கப்புறம் ரூம். பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு, எல்லோரும் ஒரே பெட்டியில் வருகிற மாதிரி ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். மூட்டையைக் குறையுங்கள், மலைப்பூண்டு ரெண்டு கிலோ போதும். மேல்மருவத்தூரிலேயே எல்லோரையும் எழுப்பிக் கதவுப் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். செங்கல்பட்டில் தெரிந்த ஆட்டோக்காரர் யாராவது இருந்தால், முதல் நாள் சாயந்திரமே போன் செய்து ரேட்டைப் பேசி முடித்துவிடுங்கள். ரயில் தாமதமானால் அவருக்குத் தகவல் சொல்லுங்கள், பாவம், அவரையாவது காக்க வைக்காமல்.